சர்க்கரைக்கொல்லி

பழம் அறுத்து விலை சொல்வது என் வேலை.
காவேரிப்பட்டணத்தில், மாங்கூழ் ஆலை வாசலில்
லாரி வந்து நிற்கும்.
மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று,
அடியில் கைவிட்டு ஒன்று.
மூன்று கீற்று. மென்று துப்பிவிட்டு
ஒரு எண்ணைச் சொல்வேன்.
இருபத்திரண்டு வருஷமாக முதலாளி
என் நாக்குக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்.
மிச்ச உடம்பு சும்மா கூட வருகிறது.

அந்த உடம்புக்கு இருநூற்று எண்பத்தாறு.
"சர்க்கரை இருக்கு" என்றாள் ரத்தம் எடுத்த பெண்,
மளிகைக் கடையில் கேட்டவனுக்குச் சொல்வதுபோல.

திம்மக்கா தரம் பிரிக்கிறவள்.
அழுகலைத் தோலுக்கு மேலேயே
கண்டுபிடிக்கிற விரல்கள் அவளுக்கு.
ஆலையின் பின்வேலிக்குக் கூட்டிப்போனாள்.
முள்கம்பியைச் சுற்றி, உண்ணிச்செடியைச் சுற்றி,
கரண்டு கம்பத்தை இழுத்துக்கட்டிய கம்பியையும் சுற்றி
மேலே போய்விட்டிருந்தது ஒரு கொடி.
அடித்தண்டு கட்டைவிரல் கனத்தில் மரமாகியிருந்தது.
போன வருஷத்துக் காய், ஆட்டுக்கொம்பாய் இரட்டை,
வெடித்துப் பஞ்சு தெரிய.
இலை கிள்ளினால் வெள்ளையாய்ப் பால்.
"சிறுகுறிஞ்சான். நாங்க சர்க்கரைக்கொல்லிம்போம்.
ரெண்டு இலை போதும், மெல்லு."

மென்றேன்.
கசப்பு என்று சொல்லலாம்.
பச்சை என்றால் இன்னும் சரி.

பத்தரை மணிக்கு வேப்பனஹள்ளி வண்டி ஒன்று,
பெங்களூரா, நாலு டன்.
கொண்டுவந்தவன் பேர் வெங்கடப்பன்.
வாடகை வண்டி. டிரைவர் இறங்கவே இல்லை,
ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.
கத்தி இறங்கிய இடத்தில் நிறம் சரி.
வாசம் சரி.
வாயில் வைத்தேன்.
ஈர மண்.
ஓரமாய்க் கொஞ்சம் புளிப்பு.
இரண்டாவதும் மண்.
மூன்றாவதை விழுங்கியே பார்த்தேன்.

"பிஞ்சுல பறிச்சுக் கல்லு போட்டிருக்கே" என்றேன்.
அவன் சண்டைக்கு வரவில்லை.
என் கையில் இருந்த மிச்சத்தை வாங்கித் தின்றான்.
என் முகத்தைப் பார்த்தான்.
இன்னொரு துண்டு தின்றான், மெதுவாக.
தன் தோட்டத்தைத் தன் வாயே மறுத்துவிட்டதோ என்று
ஒரு ஆள் திகைப்பதை
அதற்கு முன் நான் பார்த்ததில்லை.
தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.
வண்டி திரும்ப இடமில்லை என்று
நான்தான் ரிவர்ஸ் காட்டினேன்.

பதினொன்றரைக்கு டீ.
சர்க்கரை போடாதே என்று சொல்லியும்
பழக்கத்தில் போட்டிருந்தான் பையன்.
முதல் மடக்கில் எனக்குத் தெரியவில்லை.
பாதி கிளாஸில்
கதவு திறந்ததுபோல் வந்தது இனிப்பு.

திரும்பி மேஜையைப் பார்த்தேன்.
அறுத்துப் போட்ட மூன்று கொட்டையிலும் ஈ.
அதுகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.
விரட்டிவிட்டு ஒன்றை எடுத்து நக்கினேன்.
இந்த சீசனில் அப்படி ஒரு பழம்
இந்த வாசலுக்கு வரவில்லை.
இருநூற்று எண்பத்தாறு என்பதை மறந்து
நார் வெளுக்கும் வரை சப்பினேன்.

சீட்டில் இருந்த நம்பர் சுவிட்ச் ஆஃப்.
கிருஷ்ணகிரி டோல்கேட் வரை பைக்கில் போனேன்.
அத்தனை லாரியிலும் ஒரே நீலத் தார்ப்பாய்.

நோய்க்கும் இனிப்புக்கும் ஒரே பேரை வைத்துக்கொண்டு
கொல் என்று ஒரு கொடியை ஏவினால்
அது எதைக் கொல்லும்?
எட்டிய கம்பியில் ஏறத்தான் அதற்குத் தெரியும்.

முதலாளியிடம் சொல்லவில்லை.
நாக்கு ஒரு மணி நேரம் லீவில் இருந்தது என்று
எந்த ரிஜிஸ்டரில் எழுதுவார்?
இப்போதெல்லாம் கடைசி லாரி போன பிறகுதான் இலை.
வேலிப் பக்கம் இருட்டில் தடவிப் பறிக்கிறேன்.
இரவுக் களிக்கு நாக்கு எப்படி இருந்தால் என்ன.

ஒருநாள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு
அதில் உட்கார்ந்தபடி திம்மக்கா கேட்டாள்,
"என்ன, வேலை செய்யுதா?"

"செய்யுது" என்றேன்.